பாதையோரத்தில் ஒரு சிறுமி

நகரங்களில் சிலை வைப்பதற்கென்று ஒரு வழக்கம் உலகெங்கும் ஏற்பட்டிருக்கிறது. அரசன், சேனாதிபதி, மந்திரி, கொடைவள்ளல் ஆகிய இவர்களுக்குத்தான் வெண்கலமும் கருங்கல்லும். ஆள் சிறியவனாயிருந்தாலும் பீடம் அவனை உயர்த்திவிடும். ஸ்திரீகளுக்கு இடமே இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அவள் ராணியாக இருக்க வேண்டும், அல்லது நீதி, சுதந்திரம், வெற்றி என்பன போன்ற ஏதேனும் ஒரு குணத்துக்கு உருவமாக நிற்க வேண்டும். தண்ணீர் சுமந்தவள், நாற்று நட்டவள், பஞ்சாலையில் நூல் நூற்றவள் என்ற வகையில் பெயர் தெரியாத ஒருத்தியை நடுத் தெருவில் வைத்து, இவளைப் பாருங்கள் என்று எந்த நகரசபையும் லேசில் சொல்வதில்லை.

2019-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கொரியாவின் தலைநகரான ஸியோலில் சில நாட்கள் தங்கும் சந்தர்ப்பம் நமக்குக் கிடைத்தது. அந்த நகரத்தின் நடுவே குவாங்வாமுன் என்ற பெரிய சதுக்கம் இருக்கிறது. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியப் படையெடுப்பைக் கடலில் முறியடித்த யி ஸுன்-ஸின் என்னும் கப்பற்படைத் தலைவர், 1968-ல் நிறுவப்பட்ட சிலையாக, வாளை ஏந்தி அங்கே நிற்கிறார். அவருக்குப் பின்னால், கொரிய எழுத்தை வகுத்துத் தந்த ஸேஜோங் மன்னர் பொன்னிறத்தில் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறார். அச்சிலை 2009-ல் வந்தது. இரண்டும் கம்பீரமானவை. இரண்டையும் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். ஒரு தேசம் தன் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் முறை அது. அதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது.

அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஒரு சாதாரணத் தெருவின் நடைபாதையில், அண்ணாந்து பார்க்க வேண்டாத ஒரு சிலை இருக்கிறது. நாம் அதைத் தேடிப் போகவில்லை. நடைபாதையில் கூட்டம் கூடியிருப்பதைக் கண்டு ஒதுங்கிப் போக முயன்றபோது அதன் எதிரில் போய் நின்றோம். சுமார் நாலடி உயரம். பீடம் என்று சொல்லத்தக்கது ஏதுமில்லை. ஒரு சிறுமி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். கொரியப் பெண்கள் உடுத்தும் குட்டைச் சட்டையும் நீண்ட பாவாடையும் அணிந்திருக்கிறாள். வயது பதின்மூன்று, பதினான்கு இருக்கலாம். அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி காலியாக இருக்கிறது. அன்று கடும் குளிர். யாரோ அவள் தலையில் கம்பளிக் குல்லாய் வைத்து, கழுத்தில் கம்பளிப் பட்டையும் சுற்றியிருந்தார்கள். உயிருள்ள ஒரு குழந்தைக்குச் செய்வதைப் போலவே செய்திருந்தார்கள்.

அன்று புதன்கிழமை. கூட்டத்தில் பெரும்பாலோர் மாணவர்கள். ஒரு கல்லூரி மாணவி நமது முகத்தில் தெரிந்த கேள்வியைப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சிலையை அங்கம் அங்கமாக விளக்கலானாள். கத்தரித்தும் கத்தரியாமலும் கோணலாயிருக்கும் தலைமயிர், குடும்பத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டதைக் குறிக்கிறது. தோள்மேல் இருக்கும் சிறு பறவை, இறந்துபோனவர்களுக்கும் இருப்பவர்களுக்கும் இடையே உள்ள தொடர்பு. மடிமேல் இரண்டு கைகளும் இறுக மூடியிருக்கின்றன. தரையில் சிறுமியின் நிழல் கல்லில் பதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்த நிழல் சிறுமியுடையதல்ல, கூன் விழுந்த ஒரு கிழவியுடையது. நிழலின் மார்பில் ஒரு வெள்ளை வண்ணத்துப்பூச்சி.

“காலைப் பாருங்கள்” என்றாள் மாணவி. வெறுங்கால்கள். விரல்கள் மட்டும் தரையில் ஊன்றியிருக்க, குதிகால்கள் இரண்டும் சற்றே தூக்கியிருந்தன. அந்தக் குதிகால்களைப் பற்றிப் பிறகு சொல்வோம். முதலில் இந்தச் சிறுமி யாரென்று சொல்ல வேண்டும்.

கொரியா 1910-ல் ஜப்பானிய சாம்ராஜ்யத்துடன் சேர்க்கப்பட்டு, 1945 வரையில் அதன் அடிமை நாடாக இருந்தது. யுத்த காலத்தில் ஜப்பானியச் சேனை சென்றவிடமெல்லாம் அதன் சிப்பாய்களுக்காக விடுதிகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றை நிரப்பக் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலிருந்தும், பிடிபட்ட வேறு பல நாடுகளிலிருந்தும், பல்லாயிரக்கணக்கான பெண்கள் கொண்டுபோகப்பட்டார்கள். தொழிற்சாலையில் வேலை, ஆஸ்பத்திரியில் வேலை என்று தரகர்கள் ஆசை காட்டி அழைத்துப் போனவர்கள் பலர். பலாத்காரமாக இழுத்துச் செல்லப்பட்டவர்களும் உண்டு. ஏழைக் குடியானவர்களின் பெண்களே இதில் அதிகம். இவர்களுக்குச் சேனை வைத்த பெயர் ‘ஆறுதல் மாதர்’. கொடுமைக்கு இத்தனை மென்மையான பெயர் வைக்க உத்தியோகஸ்தர்களால்தான் முடியும். யாருக்கு ஆறுதல் என்ற கேள்வியை அந்தப் பெயரே அடக்கிவிடுகிறது.

இங்கே நமது வாசகர்களுக்கு ஒரு விஷயத்தை ஞாபகப்படுத்துவது அவசியமென்று நினைக்கிறோம். அதே வருஷங்களில் நம்மவர்களில் பலர் ஜப்பானை ஆசியாவின் விமோசகனாகக் கருதினார்கள். மலேயாவிலிருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். அவர்களுடைய தியாகத்தில் ஓர் அணுவையும் நாம் குறைக்கமாட்டோம். ஆனால் அதே மலேயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்களும் ஆயிரக்கணக்கில் அங்கே மடிந்தார்கள். நமது எஜமானனோடு சண்டைக்கு வருகிறவன் நமக்கு நண்பனாகத் தோன்றுகிறான். அவனுக்கும் அடிமைகள் உண்டு என்பது வேறொரு நாட்டின் நடைபாதையில் நின்றால்தான் தெரிகிறது.

யுத்தம் முடிந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 46 வருஷ காலம் மௌனம். 1965-ல் ஜப்பானும் தென் கொரியாவும் உடன்படிக்கை செய்துகொண்டன. 30 கோடி டாலர் மானியம், 20 கோடி டாலர் கடன் என்று கணக்குத் தீர்ந்தது. இந்தப் பெண்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. கொடுத்தவனும் பேசவில்லை, வாங்கினவனும் கேட்கவில்லை.

1990-ல் ஜப்பானியச் சட்டசபையில் இது பற்றிக் கேட்டபோது, சர்க்காருக்கு இதில் சம்பந்தமில்லை, தனிப்பட்ட வியாபாரிகள் செய்த காரியம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்டுப் பொறுக்கமாட்டாமல், ஸியோலில் தனிமையிலும் வறுமையிலும் காலங்கழித்த கிம் ஹாக்-ஸூன் என்ற மூதாட்டி, 1991-ம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் தன் பெயரைச் சொல்லி, தன் முகத்தைக் காட்டி, தனக்கு நேர்ந்ததைக் கூறினார். தான் சாட்சியாக உயிரோடிருக்கும்போது நடக்கவில்லையென்று எப்படிச் சொல்லலாம் என்பதே அவருடைய வாதம். வக்கீல் தொழில் செய்தவர்கள் என்ற முறையில் நமக்கு இது மிகவும் பரிச்சயமான வாதம். ஆவணம் இல்லையென்று எதிர்க்கட்சி மார்தட்டும் வேளையில், கண்ணால் கண்ட சாட்சி எழுந்து கூண்டில் ஏறுகிறது.

ஆவணமும் வெளிவந்தது. 1992 ஜனவரியில், யோஷிமி யோஷியாகி என்ற ஜப்பானியச் சரித்திர ஆசிரியரே, தம் நாட்டுப் பாதுகாப்பு இலாகாவின் நூல்நிலையத்திலிருந்து, சேனைக்கு இதில் சம்பந்தம் உண்டென்று காட்டும் தஸ்தாவேஜுகளை எடுத்து வெளியிட்டார். 1993 ஆகஸ்டில் ஜப்பானிய சர்க்கார் சேனையின் சம்பந்தத்தை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. ஜப்பானியர் அனைவரையும் ஒரே தராசில் நிறுத்துகிறவர்கள் யோஷிமியின் பெயரை மறந்துவிடக்கூடாது.

இதற்கு முன்னரே, 1992 ஜனவரி 8-ந் தேதி, ஜப்பானியப் பிரதம மந்திரி ஸியோலுக்கு வரவிருந்த சமயத்தில், ஜப்பானிய ஸ்தானீகராலயத்தின் முன் சிலர் கூடி ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அடுத்த புதன்கிழமையும் கூடினார்கள். அது நிற்கவேயில்லை. 2011 டிசம்பர் 14-ந் தேதி ஆயிரமாவது புதன்கிழமைக் கூட்டம் நடந்தது. அன்றுதான் இந்தச் சிறுமி நடைபாதைக்கு வந்தாள். முதலில் எழுத்துப் பொறித்த ஒரு கல்லை நாட்டுவதாகவே யோசனை இருந்ததாம். கிம் ஸோ-கியங், கிம் உன்-ஸங் என்ற சிற்பத் தம்பதிகள்தான், கல்லுக்குப் பதில் ஒரு சிறுமியை உட்கார வைக்கலாமென்றார்கள். கைகளை மெதுவாகக் கோத்து மடியில் வைப்பதாகவே முதலில் உருவமைத்தார்கள். சிலை வைக்கக்கூடாதென்று ஜப்பானிலிருந்து ஆட்சேபம் வந்தது. சிற்பிகள் பதில் எழுதவில்லை. அந்தக் கைகளை மூடிய முஷ்டிகளாக மாற்றிவிட்டார்கள்.

ஜப்பானிய சர்க்காரின் ஆட்சேபத்துக்குச் சட்டப் பெயரும் உண்டு. 1961-ம் வருஷத்து வியன்னா உடன்படிக்கையின் 22-வது ஷரத்துப்படி, அந்நிய ஸ்தானீகராலயத்தின் அமைதியும் கௌரவமும் குலையாமல் பார்த்துக்கொள்வது அந்தந்த நாட்டின் கடமை. சரியான விதிதான். கல்லெறிகிறவனையும் கதவை உடைக்கிறவனையும் தடுப்பதற்கு அது வேண்டும். ஆனால் எதிர்ப்புறத்து நடைபாதையில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு சிறுமியால் ஒரு சாம்ராஜ்யத்தின் கௌரவம் குலைகிறதென்றால், குலைப்பது சிலையா, ஞாபகமா என்பதைப் பிரதிவாதிதான் சொல்ல வேண்டும்.

2015 டிசம்பர் 28-ந் தேதி இரு நாட்டு வெளிநாட்டு மந்திரிகளும் ஸியோலில் ஒன்றாகத் தோன்றி, விவகாரம் இறுதியாகவும், இனித் திருப்ப முடியாத வகையிலும் தீர்ந்ததென்று அறிவித்தார்கள். ஜப்பான் 100 கோடி யென் கொடுக்கும், சிலை விஷயத்தைத் தக்க முறையில் தீர்க்கக் கொரியா பாடுபடும் என்பது ஏற்பாடு. பாதிக்கப்பட்ட கிழவிகளை யாரும் கலக்கவில்லை. கட்சிக்காரனைக் கேளாமல் ராஜி செய்துகொண்ட வக்கீலை நமது நாட்டுச் சின்ன முனிசீப்பு கோர்ட்டுகூட மன்னிக்காது. அப்போது உயிரோடிருந்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறு வயதில் கைக்கு வந்ததை வாங்கிக்கொண்டவர்களை நாம் குறை சொல்லத் துணியமாட்டோம். வாங்க மறுத்தவர்களும் இருந்தார்கள். சிலையை அப்புறப்படுத்திவிடுவார்களோ என்ற பயத்தில், மாணவர்கள் அந்தக் குளிர்காலம் முழுவதும் இரவு பகலாக நடைபாதையில் அவள் பக்கத்தில் படுத்துக் காவல் காத்தார்கள். சர்க்கார் கையெழுத்திட்டது, ஆனால் சிலை சர்க்காருடையதல்லவே. சதுக்கத்தில் நிற்கும் கப்பற்படைத் தலைவரை அப்புறப்படுத்த முற்பட்டால் இப்படி யாரும் தெருவில் படுப்பார்களா என்று நமக்குத் தெரியாது.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கொரியாவில் ஆட்சி மாறியது. 100 கோடி யென்னை நிர்வகிக்க ஏற்பட்ட ஸ்தாபனம் கலைக்கப்பட்டது. 2021 ஜனவரி 8-ந் தேதி ஸியோல் ஜில்லா கோர்ட்டு, 12 வாதிகளுக்குத் தலைக்கு 10 கோடி வொன் வீதம் ஜப்பானிய சர்க்கார் நஷ்டஈடு கொடுக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. மூன்று மாதங்களில் அதே கோர்ட்டின் வேறொரு பெஞ்சு, ஒரு நாட்டின் சர்க்காரை மற்றொரு நாட்டின் கோர்ட்டு விசாரிக்க முடியாதென்று சொல்லி, வேறு சிலரின் வழக்கைத் தள்ளியது. 2023 நவம்பரில் ஹைகோர்ட்டு அதை மாற்றி, வாதிகளுக்குச் சாதகமாகத் தீர்ப்புக் கூறிற்று. ஜப்பானிய சர்க்கார் எந்த விசாரணைக்கும் வரவில்லை, எந்தத் தீர்ப்பையும் ஏற்கவில்லை.

இதுவரையில் சொன்னது தேசியவாதிகளாகிய நமக்கு மனத்துக்கு உகந்த கதை. அந்நியன் செய்த கொடுமை, உள்நாட்டார் காட்டிய உறுதி. இத்துடன் நிறுத்திவிட்டால் வாசகர்களும் திருப்தியடைவார்கள், நமக்கும் சிரமமில்லை. ஆனால் அந்தக் குதிகால்கள் இருக்கின்றன.

அவை ஏன் தூக்கியிருக்கின்றன என்று கேட்டபோது மாணவி சிறிது தயங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள். ஊர் திரும்பிய பின்பும் அந்தப் பெண்களால் தங்கள் சொந்த மண்ணில் நிம்மதியாகக் கால் ஊன்ற முடியவில்லை என்பதை அது குறிக்கிறதாம். சிற்பிகளே அப்படித்தான் கூறியிருக்கிறார்கள். கால் ஊன்ற விடாதவர் யார்? ஜப்பானியன் 1945-ல் போய்விட்டான். அதற்குப் பிறகு அவர்களை ஒதுக்கியது அவர்களுடைய தகப்பன்மாரும் சகோதரர்களும் கிராமத்தாரும்தான். கற்பு போனவள் என்று கல்யாணம் மறுக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். கணவனிடம் சாகும் வரையில் மறைத்தவர்கள் எத்தனையோ பேர். 46 வருஷ மௌனத்தை ஜப்பானிய சர்க்கார் ஒன்றே உண்டாக்கியிருக்க முடியாது. அதைக் காத்தது சொந்த தேசம். 1965-ல் பேரம் பேசிய கொரிய ராஜதந்திரிகள் இந்தப் பெண்களை மறந்ததும் தற்செயலன்று. வீட்டில் பேசப்படாத விஷயம் மந்திராலோசனையிலும் பேசப்படாது. பேரம் முடிந்து 46 வருஷங்கள் சென்ற பிறகு, சிலை வந்த அதே 2011-ல், கொரியாவின் அரசியல் சாசனக் கோர்ட்டு, இவர்களுக்காகப் பேச்சு நடத்தத் தவறியது அரசியல் சாசனத்துக்கு விரோதமென்று தன் சர்க்காரையே கண்டித்தது.

ஆகவே இந்தச் சிலைக்கு முகம் ஒரு பக்கம், கால் வேறொரு பக்கம். முகம் தெருவுக்கு எதிர்ப்புறத்தில் இருந்த அந்நியனைப் பார்க்கிறது. கால், தன்னைச் சுற்றி நின்று கோஷம் போடுகிற உள்ளூராரைப் பற்றிப் பேசுகிறது. முகத்தைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. குதிகாலைப் பார்க்கக் குனிய வேண்டியிருக்கிறது.

கொரியர்கள் குனிந்தார்கள் என்பதற்கும் அடையாளங்கள் இருக்கின்றன. அமெரிக்கப் படை முகாம்களைச் சுற்றி உள்நாட்டுப் பெண்களை அதே தொழிலில் தங்கள் சர்க்காரே ஊக்கி வைத்திருந்ததென்று ஒப்புக்கொண்டு, அவர்களுக்குச் சர்க்கார் நஷ்டஈடு தரவேண்டுமென்று 2022 செப்டம்பரில் அந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. வியட்நாம் யுத்தத்தில் கொரியச் சிப்பாய்கள் 1968-ல் ஒரு கிராமத்தாரைக் கொன்றதற்காக, அதில் தப்பிய வியட்நாமியப் பெண் ஒருவருக்குப் பணம் கொடுக்கும்படி 2023 பிப்ரவரியில் ஸியோல் கோர்ட்டு உத்தரவிட்டது. இந்தச் சிறுமியைச் செய்த அதே தம்பதிகள், கொரியர் கையால் மாண்ட வியட்நாமியத் தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்குமாக ஒரு சிலை வடித்தார்கள். அது 2017-ல் கொரியாவின் ஜெஜு தீவில் வைக்கப்பட்டது. தலைநகரத்தின் பெரிய சதுக்கத்தில் அதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

இயக்கம் நடத்துகிறவர்களுக்கு உறைக்க வேண்டிய ஒரு செய்தியும் உண்டு. நாம் ஸியோலிலிருந்து திரும்பிய சில மாதங்களில், 2020 மே மாதத்தில், புதன்கிழமைக் கூட்டங்களில் பல காலம் முன்னின்ற 91 வயது மூதாட்டி ஒருவர், தங்கள் பெயரால் வசூலான பணம் தங்களுக்குப் போதிய அளவு செலவிடப்படவில்லை என்று பகிரங்கமாகக் குறை கூறினார். வசூல் செய்த சங்கத்தின் முன்னாள் தலைவர்மீது வழக்கு நடந்தது. 2024 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டு அவர் குற்றவாளி என்ற தீர்ப்பை உறுதி செய்தது. எதிரிகள் இதை வைத்துக்கொண்டு, கொடுமையே நடக்கவில்லையென்று ஸ்தாபிக்கப் பார்த்தார்கள். கணக்குப் புஸ்தகம் சரியில்லாததால் சாட்சியம் பொய்யாகிவிடாது. ஆனால் துன்பப்பட்டவர் பெயரில் உண்டியல் வைத்திருக்கிறவர்கள், அந்தப் புஸ்தகத்தை முதலில் துன்பப்பட்டவரிடம் காட்டக் கடமைப்பட்டவர்கள். நமது நாட்டிலும் தியாகிகள் பெயரால் நிதி திரட்டுகிற கமிட்டிகள் உண்டு. இதற்குமேல் விவரம் வேண்டியதில்லை.

கொரிய சர்க்காரிடம் பெயர் பதிந்துகொண்ட பெண்கள் 240 பேர். 2025-ல் அவர்களில் உயிரோடிருந்தவர்கள் பத்துக்கும் குறைவு. கிம் ஹாக்-ஸூன் 1997-லேயே காலமாகிவிட்டார். அவர் தொடுத்த வழக்கில் கடைசித் தீர்ப்பு வருவதற்குள் அவர் ஆயுள் முடிந்துவிட்டது.

அன்று பகல் ஒரு மணி சுமாருக்குக் கூட்டம் கலைந்தது. எதிர்ப்புறத்தைத் திரும்பிப் பார்த்தோம். அங்கே ஸ்தானீகராலயம் இல்லை. பழைய கட்டடத்தை இடித்துவிட்டார்கள். புதிது கட்டப் பெற்ற அனுமதியும் ரத்தாகிவிட்டது. உத்தியோகஸ்தர்கள் பக்கத்திலுள்ள வேறொரு கட்டடத்தில் அலுவல் பார்க்கிறார்கள். தடுப்பு அடைத்த காலி மனையைத்தான் அந்தச் சிறுமி இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலி நாற்காலியைக் காட்டி, யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்றாள் மாணவி. இறந்துபோனவர்களுக்காக வைத்த இடம், வருகிறவர்களும் அவள் பக்கத்தில் சற்று உட்கார்ந்து அவள் பார்ப்பதைப் பார்க்கலாம் என்று விளக்கினாள். நாம் தயங்கினோம். அதற்குள் சந்தைப் பையுடன் வந்த ஓர் அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். குல்லாய் சிறுமியின் கண்ணை மறைத்திருந்தது. அம்மாள் எட்டி அதைச் சரிப்படுத்திவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தாள்.